ஐகியா ஸ்னிக்லார் க்ரிப் வாங்கலாமா? அளவுநாடாவோடு ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். க்ரிப் என்பது கைக்குழந்தை தூங்குவதற்கு நாலு பக்கமும் சட்டங்கள் அடைத்த கட்டில். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த க்ரிப்களில் இது ஒன்று. பார்க்க மொட்டையாக இருக்கும். டிராயர் கிடையாது, சக்கரம் கிடையாது, ஃபோட்டோ எடுத்துப் போட்டால் யாரும் எங்கே வாங்கினாய் என்று கேட்கப் போவதில்லை. ஆனால் பிள்ளை தூங்குவதற்கு ஒரு க்ரிப் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்கிறது. என் மகன் பிறப்பதற்கு முன்பு, நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து டர்ன்பைக் நெடுஞ்சாலையில் போய் எலிசபெத் ஊர் ஐகியாவில் வாங்கினோம். இப்போது அவன் அதன் மேல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான், நின்றபடியே அதைக் கடிக்கிறான். ஆகவே, பெட்டியைப் பிரித்த அன்றே எழுதும் விமர்சனம் இல்லை இது.

பொருள் என்னவென்றால், வெளிர் நிறத்தில் பீச் மரம். பெயிண்ட் இல்லை. நாலு பக்கமும் அசையாத பக்கங்கள். மெத்தை வைக்கும் தளத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு உயரங்களில் பொருத்தலாம். பிள்ளை தானே ஏறி இறங்கும் வயது வந்ததும் ஒரு பக்கத்தைக் கழற்றிவிடலாம். மெத்தை தனியாக வாங்க வேண்டும். அவ்வளவுதான். நாங்கள் வாங்கியபோது விலை நூறு டாலருக்குப் பக்கத்தில். அதே வாரம் இன்னொரு கடையில் ஆயிரத்தைத் தாண்டிய க்ரிப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். வளைவுகள், பித்தளைக் கால்கள், விற்பனைப் பெண்ணின் இனிமையான பேச்சு. மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்தது.

விலையில் இத்தனை வித்தியாசம் இருந்தால் பாதுகாப்பிலும் வித்தியாசம் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நம்ம ஊர்க் கணக்கு அப்படித்தான். ஆனால் அமெரிக்காவில் க்ரிப் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. 2011 ஜூன் 28 முதல், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு க்ரிப்பும் அது போட்ட ஒரே விதியைத் தாண்டியாக வேண்டும், நூறு டாலரானாலும் சரி, ஆயிரமானாலும் சரி. மெத்தைத் தளத்தின் மேல் 45 பவுண்டு எடையைத் திரும்பத் திரும்ப விழவைப்பார்கள். பக்கங்களை ஆட்டி உலுக்குவார்கள். சட்டங்களை இழுத்து, உடைகிறதா என்று பார்ப்பார்கள். தேறினால்தான் கடைக்கு வரும். கூடுதலாக நாம் கொடுக்கும் தொள்ளாயிரம் டாலர் அழகுக்குத்தான். அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதுகாப்புக்குக் காசு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கொடுக்காதீர்கள்.

அப்படியானால் ஓசியில் கிடைக்கும் க்ரிப் இன்னும் நல்லதுதானே? எனக்கும் ஒன்று கிடைத்தது. ஒரு தோழி, தன் இரண்டு பிள்ளைகளும் தூங்கிய க்ரிப்பை பேஸ்மென்ட்டில் பத்திரமாக வைத்திருந்தார். கருவாலி நிறம், கனமான மரம், ஸ்னிக்லாரை அதன் பக்கத்தில் வைத்தால் ஏழை வீட்டுப் பிள்ளையாகத் தெரியும். ஒரு பக்கத்தை முழங்காலால் லேசாக முட்டித் தூக்கினால் சரசரவென்று கீழே இறங்கும். குனியாமல் பிள்ளையை எடுக்கலாம் என்று ஆசையாகக் காட்டினார். அடியில் இருந்த லேபிளைப் பார்த்தேன்: 2007. நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காரணத்தைச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் வீடுகளில் இந்த மாதிரி க்ரிப்கள் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இறங்கும் பக்கம் கொண்ட க்ரிப் பல பத்தாண்டுகள் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தப் பக்கம் ஏறி இறங்குவது சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாகங்களின் மேல். வருஷக்கணக்கில் ஏற்றி இறக்கினால் அவை தேயும், விரிசல் விடும். கழற்றி மாட்டும்போது ஒரு திருகு தொலையும், அதற்குப் பதில் கையில் கிடைத்த ஒன்றைப் போட்டு முடுக்குவார்கள். ஒருநாள் ஒரு மூலை மட்டும் கழன்று கொடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பக்கம் நின்றுகொண்டுதான் இருக்கும். உள்ளே மெத்தைக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே மட்டும் ஒரு இடைவெளி திறந்திருக்கும். பிள்ளை உருண்டு வந்தால் உடம்பு அதில் இறங்கிவிடும், தலை இறங்காது. 2000க்குப் பிறகு மட்டும் இப்படி 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாக ஆணையம் சொன்னது. 2009 நவம்பரில் ஸ்டோர்க் கிராஃப்ட் நிறுவனம் அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து 21 லட்சம் க்ரிப்களைத் திரும்பப் பெற்றது. 2007க்குப் பிறகான சில ஆண்டுகளில் எல்லா நிறுவனங்களும் திரும்பப் பெற்றதைக் கூட்டினால் ஒரு கோடியே 10 லட்சத்தைத் தாண்டும். 2010 டிசம்பரில் புதிய விதி நிறைவேறியது, அடுத்த ஜூனில் நடைமுறைக்கு வந்தது, இறங்கும் பக்கம் ஒழிந்தது. ஹோட்டல்களுக்கும் குழந்தைக் காப்பகங்களுக்கும் மாற்றிக்கொள்ள 2012 டிசம்பர்வரை அவகாசம் கொடுத்தார்கள்.

ஆக, லேபிளில் 2011 ஜூனுக்கு முந்தைய தேதி இருந்தால் அந்த க்ரிப் பெரும்பாலும் புதிய விதியில் தேறாது, தேறாததை விற்பதே சட்டப்படி தப்பு, வீட்டு வாசலில் போடும் கராஜ் சேலாக இருந்தாலும். தானம் கொடுப்பதும் வேண்டாம், பிரித்துப் போடுங்கள் என்றுதான் ஆணையம் சொல்கிறது. தோழி அதைப் பிரித்துப் போட்டுவிட்டார். அந்த மரத்தில் அவர் கணவர் தக்காளிச் செடிக்குப் பந்தல் கட்டியிருக்கிறார்.

சரி, ஸ்னிக்லாருக்கு வருவோம். வீட்டுக்கு வந்ததும் நான் அளவுநாடாவை எடுத்துவிட்டேன். என் வேலை ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பகுதியில், மில்லிமீட்டர் பார்ப்பது பழகிப்போன பழக்கம். இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 2⅜ அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி, அதாவது 6 சென்டிமீட்டர். இந்த அளவு 1970களிலிருந்தே இருக்கிறது. அதைவிட அகலமாக இருந்தால் பிள்ளையின் இடுப்பு வெளியே வந்துவிடும், தலை உள்ளே மாட்டும். நாடா இல்லாதவர்கள் ஒரு கோக் டின்னை எடுத்து சட்டங்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் அந்த க்ரிப் வேண்டாம். ஸ்னிக்லாரில் எந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவிலும் டின் நுழையவில்லை. என் கணவர், நீ வாங்கியிருப்பது க்ரிப்பா இல்லை கோலி சோடா ஸ்டாண்டா என்று கேட்டார். கேட்டால் கேட்கட்டும்.

அடுத்து மூலைகள். நாலு மூலையிலும் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். கால்மரம் பக்கப்பலகையைவிடத் துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது. விதிப்படி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உருண்டையான குமிழ் வைத்த பழைய கட்டில்கள் அழகாக இருக்கும், ஆனால் பிள்ளை எழுந்து நிற்கும்போது சட்டைக் காலரோ கழுத்தில் கிடக்கும் எதுவோ அந்தக் குமிழில் மாட்டிக்கொண்டு தொங்கவிட்டுவிடும். இது வெள்ளைக்காரர்களைவிட நமக்குத்தான் அதிகம் பொருந்தும். பேர் வைக்கும் அன்றைக்கே தாய்மாமன் சங்கிலி போட்டுவிடுகிறார், குலதெய்வம் கோயில் கறுப்புக் கயிறு தபாலில் வருகிறது. எங்கள் வீட்டில் சங்கிலி விசேஷத்துக்கு மட்டும், தூங்கும்போது கழுத்தில் ஒன்றும் கிடையாது. அரைஞாண் இடுப்பில் படிந்து இருக்கிறது, அதைப் பற்றிச் சண்டை போடவில்லை. ஸ்னிக்லாரின் மூலைகள் தட்டை, துணி மாட்ட இடமே இல்லை.

மெத்தைதான் கொஞ்சம் படுத்திவிட்டது. க்ரிப்பின் தவறல்ல, மெத்தையை நான் ஆன்லைனில் வேறொரு கடையில் வாங்கினேன். ஃபுல்சைஸ் க்ரிப் என்றால் உள்ளளவு சுமார் 28 அங்குலத்துக்கு 52⅜ அங்குலம் என்று விதியே சொல்லிவிடுகிறது, அதனால் மெத்தையும் ஒரே அளவில்தான் வர வேண்டும்: குறைந்தது 27¼ அங்குல அகலம், 51⅝ அங்குல நீளம், கனம் 6 அங்குலத்துக்கு மேல் கூடாது. எனக்கு வந்தது காற்றை உறிஞ்சிச் சுருட்டி அனுப்பியது. பிரித்துப் போட்டுப் பொறுத்திருந்து பார்த்தும் கால்மாட்டில் அது நிரம்பவில்லை. இரண்டு விரலை மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டுப் பார்ப்பது வழக்கமான சோதனை. எனக்கு நாலு விரலும் போய், கை மணிக்கட்டுவரை இறங்கியது. படத்தோடு புகார் போட்டேன். பயன்படுத்தப் பயன்படுத்தச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது! திருப்பி அனுப்பிவிட்டு, நேரில் போய், கெட்டியான ஒன்றை அளந்து வாங்கினேன். அது நாலு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தது, விரல் நுனி நுழைந்ததோடு சரி. இந்த இடைவெளி பெரிய நிறுவனங்களையும் விட்டுவைத்ததில்லை. ஐகியாவே 2015 ஜனவரியில் வைஸ்ஸா என்ற தன் மெத்தை வரிசையை, க்ரிப்பின் ஓரத்தில் இடைவெளி அனுமதித்ததைவிட அதிகம் என்று திரும்பப் பெற்றது. ஆகவே க்ரிப்பும் மெத்தையும் ஒரே கடை என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். விரலை விட்டுப் பாருங்கள்.

இந்த ஸ்னிக்லாருக்கும் பழைய கதை ஒன்று உண்டு, விமர்சனத்தில் அதை மறைக்கக்கூடாது. 2011ல் இதன் ஒரு தொகுதியைப் பழுதுநீக்கத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள். மெத்தைத் தளத்தைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டுகள் நீளம் போதாமல் இருந்திருக்கலாம், தளம் இறங்கிவிடும் என்பது காரணம். மேலே சொன்ன புதிய விதி நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாராவது பழைய ஸ்னிக்லார் கொடுத்தால் ஐகியாதானே என்று வாங்கிவிடாதீர்கள், லேபிளில் தேதி பாருங்கள்.

பூட்டுவதைப் பற்றி. ஐகியா பொருள் பூட்டத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. எழுத்தே இல்லாத படப்புத்தகம், ஒரு ஆலன் கீ (போல்ட் திருப்பும் வளைந்த கம்பி), ஒரு திருப்புளி போதும். இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளாமல் தலைகீழாக நின்றாலும் முதல் மூலை பொருந்தாது. எல்லா போல்ட்டையும் முதலில் பாதியளவு மட்டும் முடுக்கி, நாலு பக்கமும் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக இறுக்குங்கள். முதல் மூலையையே முழுசாக இறுக்கினால் எதிர்மூலை ஓட்டை நேருக்கு வராது. பூட்டி முடித்ததும் மேல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக உலுக்கினேன், ஆட்டம் இல்லை. ஆனால் அத்தோடு விட்டுவிடக்கூடாது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று காய்ந்துபோனதும் மரம் கொஞ்சம் சுருங்கும். ஜனவரியில் ஒரு மூலையை உலுக்கியபோது லேசாக ‘டக்’ என்று ஒரு சத்தம். ஆலன் கீயைப் போட்டுக் கால் சுற்று திருப்பியதும் நின்றுவிட்டது. எந்த மர க்ரிப்பிலும் இது நடக்கும். ஆலன் கீயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எங்கள் வீட்டில் அது சமையலறையில் கத்தரிக்கோல் இருக்கும் டிராயரில் இருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும். தபால்தலை ஒட்டத் தேவையில்லை, பேரும் முகவரியும் எழுதி அனுப்பினால் போதும். நிறையப் பேர் அதை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறார்கள். போடாதீர்கள். அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறான். டேனி கீசார், சிகாகோ. 1998 மே மாதம், உரிமம் பெற்ற ஒரு காப்பகத்தில், மடக்கி எடுத்துப்போகும் க்ரிப் ஒன்றில் தூங்கியபோது அதன் மேல் சட்டங்கள் மடங்கி, கழுத்து மாட்டி இறந்துபோனான். ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. அந்த க்ரிப் 1993லேயே திரும்பப் பெறப்பட்ட பொருள். ஐந்து வருஷம், அந்தக் காப்பகத்துக்கு யாரும் சொல்லவில்லை. அவனுடைய பெற்றோர் லிண்டா கின்செலும் போவாஸ் கீசாரும் இதற்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கிப் போராடினார்கள். 2008ல் வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பகுதிக்கு டேனியின் பெயர்தான். அதனால்தான் இன்றைக்கு க்ரிப் பெட்டியில் அந்த அட்டை கட்டாயம். நாளைக்கு ஒரு போல்ட்டில் கோளாறு என்று தெரிந்தால் நம் வீட்டுக்கே கடிதம் வரும். நான் அட்டையை நிரப்பி, எடிசன் தபால் நிலையத்தில் போட்டேன்.

இனி அம்மா. மதுரையிலிருந்து பிரசவத்துக்கு வந்தவர், பெட்டியில் பருத்திப் புடவை ஒன்றைத் தனியாக மடித்துக் கொண்டுவந்திருந்தார், தூளி கட்ட. வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஷீட்ராக் என்கிற ஜிப்சம் பலகைக் கூரை, கொக்கி கிடையாது, உத்திரம் கிடையாது. புடவையைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு க்ரிப்பைப் பார்த்தார்.

“ஏன்டி, தலையணை எங்க?”

“வைக்கக்கூடாதும்மா.”

“போர்வை?”

“அதுவும் கூடாது.”

மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார். “பலகை மாதிரி இருக்கேடி. பிள்ளைக்கு வலிக்காதா?”

நம் வீடுகளில் இந்த உரையாடல் நடக்காத இடமே இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்வது இதுதான்: பிள்ளையை மல்லாக்கப் படுக்கவை, கெட்டியான, தட்டையான மெத்தையில், அதன்மேல் இறுக்கமாக மாட்டும் விரிப்பு மட்டும். தலையணை, போர்வை, பொம்மை, ஓரமெத்தை எதுவும் வேண்டாம். க்ரிப் அம்மா அப்பா படுக்கும் அறையில், குறைந்தது ஆறு மாதம். ஆனால் ஒரே படுக்கையில் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னது 1992ல், அதை ஊரெங்கும் கொண்டுபோன பிரசாரம் 1994ல் தொடங்கியது. அதன்பின் காரணம் தெரியாத தொட்டில் மரணங்கள் சுமார் பாதியாகக் குறைந்தன. இருந்தும் இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,500 குழந்தைகள் தூக்கத்தில் இறக்கிறார்கள். க்ரிப் இன்றைக்குச் சரியாகத்தான் செய்கிறார்கள். நாம் அதற்குள் அன்போடு கொண்டுபோய் வைக்கும் பொருட்கள்தான் மூக்கை அடைக்கின்றன.

அம்மா, நம்ம ஊர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் கடுகு வாங்கிவரச் சொல்லி, என் பழைய சுடிதார் துணியில் கடுகுத் தலையணை தைத்துவிட்டார். தலை உருண்டையாக வர வேண்டுமாம். அதைக் கோபப்படாமல் எப்படி மறுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குழந்தை மருத்துவர் எனக்காகவே மறுத்தார், அம்மாவை முன்னால் வைத்துக்கொண்டு, பொறுமையாக. விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்து குப்புறப் போடுங்கள், தலை தட்டையாகாது, கழுத்தும் பலப்படும் என்றார். நான் சொன்னால் எடுபடாதது டாக்டர் சொன்னால் எடுபடும் என்பது உலக வழக்கம். தலையணை இப்போது அம்மாவின் கழுத்துவலிக்கு நன்றாக உதவுகிறது. குளிருக்குப் போர்வைக்குப் பதில் ஸ்லீப் சாக் என்ற கை இல்லாத பை, கழுத்துக்கு மேலே ஏறாது, காலால் உதைத்தாலும் விலகாது. அம்மாவுக்கு அது மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது.

தூளி விஷயத்தில் அம்மாவின் வாதம், “நீயும் உன் தம்பியும் தூளியிலதானடி வளர்ந்தீங்க” என்பது. வளர்ந்தோம்தான். ஆனால் அங்கே தூளிக்குக் கீழே பாட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், பிள்ளை முனகினால் கை தானாகப் போகும். இங்கே ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாரும் அசந்து தூங்குகிறோம். துணி வளைவில் பிள்ளையின் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுக்குழாய் மடங்குவதை இருட்டில் யார் பார்ப்பது? சாய்ந்து படுக்கும் தொட்டில்களின் சங்கதியும் அதேதான். ஃபிஷர் பிரைஸின் ராக் அண்ட் பிளே என்பது 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது, 47 லட்சம் விற்றிருந்தது. 2022 மே மாதம் வந்த சட்டம், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூங்கு தொட்டில்களையும், க்ரிப்பின் உள்ளே சுற்றிக் கட்டும் பஞ்சு பம்பர்களையும் ஒரேயடியாகத் தடைசெய்துவிட்டது. அந்த நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஆனாலும் என் வளைகாப்புக்கு பம்பர் வந்தது! யானை போட்ட தொகுப்பு: பம்பர், மெத்தென்ற போர்வை, குட்டித் தலையணை. கொடுத்தவர்களுக்குத் தெரியாது, எங்கோ ஆன்லைனில் இன்னமும் யாரோ விற்கிறார்கள், பின்னல் போட்ட அலங்காரம் என்று வேறு பெயரில். கை கால் சட்டத்தில் மாட்டுமே என்று பயப்படுபவர்களுக்கு: மாட்டும், பிள்ளை கத்தும், போய் எடுத்துவிடலாம். மூக்கு பம்பரில் பதிந்தால் கத்தாது. பஞ்சு வைக்காத வலைத்துணிக்குச் சட்டப்படி தடை இல்லை, நான் அதுவும் கட்டவில்லை. யானைப் போர்வையைத் தரையில் விரித்து அதில்தான் அவனைக் குப்புறப் போடுகிறோம்.

க்ரிப்பை வைக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜன்னலை ஒட்டி வேண்டாம், திரைக் கயிறு எட்டும். மானிட்டர் கேமராவின் ஒயர் குறைந்தது மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். க்ரிப்புக்கு மேலே சுவரில் கனமாக எதுவும் மாட்டக்கூடாது. அம்மா கண்ணாடி ஃபிரேம் போட்ட முருகன் படத்தை அங்கேதான் மாட்டியிருந்தார். எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். இப்போது பிள்ளை கண் திறந்ததும் முருகன் முகத்தில்தான் விழிக்கிறான், அம்மாவுக்கும் திருப்தி.

பிடிக்காதது ஒன்று உண்டு, அது இந்த க்ரிப்புக்கு மட்டும் உரியதல்ல. பக்கம் இறங்காததால் குனிய வேண்டும். என் உயரம் ஐந்தடி, சிசேரியன் வேறு. தளம் மேல் நிலையில் இருந்தவரை சமாளித்தேன். பிள்ளை தானே உட்கார ஆரம்பித்ததும் தளத்தை இறக்கியாக வேண்டும், பிடித்து நிற்கத் தொடங்கிவிட்டால் கடைசி நிலையில்தான் இருக்க வேண்டும். ஸ்னிக்லாரில் இரண்டே நிலைகள் என்பதால் நடுவில் ஒரு படி கிடையாது, மேலிருந்து நேரே கீழ். தோளில் தூங்கிப்போன பிள்ளையைக் கீழே விடும்போது, கடைசி ஆறு அங்குலம் என் கை எட்டாது. மேல் சட்டம் விலாவில் அழுத்த, நுனிக்காலில் நின்று, முதலில் பிட்டத்தைப் படியவிட்டு, தலையைத் தாங்கிய கையை மெதுவாக உருவ வேண்டும். பாதி நாள் அந்தக் கையை உருவும்போதுதான் கண் திறப்பான். உயரம் குறைந்தவர்கள், முதுகுவலிக்காரர்கள் மூன்று நிலை உள்ள க்ரிப்பாகப் பாருங்கள். ஐம்பது அறுபது டாலர் கூடினாலும் அந்தக் காசுக்கு அர்த்தம் இருக்கிறது.

பீச் மரத்தில் பல் தடம் விழுகிறது. கீழே முளைத்த இரண்டு பல்லின் தடம் மேல் சட்டம் முழுக்க வரிசையாக இருக்கிறது. பெயிண்ட் இல்லாததால் அவன் வாயில் என்ன போகிறது என்ற கவலை எனக்கு இல்லை. வெள்ளை க்ரிப் ஆசைப்படுபவர்களும் பயப்பட வேண்டியதில்லை, புதிதாக விற்கும் குழந்தைப் பொருட்களின் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2009 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. பாட்டி காலத்து பெயிண்ட் அடித்த தொட்டில்தான் ஆபத்து. 1978ல்தான் இங்கே வீட்டு பெயிண்ட்டில் ஈயத்துக்குத் தடையே வந்தது.

ஊரில் இருக்கும் தங்கைகள் கேட்டால் நான் சொல்வது: அங்கே கிடைக்கும் க்ரிப் பெட்டியில் ஈ.என். 716 என்று போட்டிருந்தால் அது ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம், சட்ட இடைவெளி நாலரை முதல் ஆறரை சென்டிமீட்டர் என்பது அதன் கணக்கு. போட்டிருந்தாலும் டேப்பால் அளந்து பார். ஆடும் தொட்டிலாக இருந்தால் ஆட்டத்தை நிறுத்தும் பூட்டு பிடிக்கிறதா பார், பூட்டிய பிறகே தூங்கவை. கொசுவலை உள்ளே சரிந்து விழாமல் வெளிப்பக்கம் இழுத்துக் கட்டு. ஆசாரியிடம் செய்யச் சொல்வதானால் மெத்தையை முதலில் வாங்கி, அதன் அளவுக்குத் தொட்டிலைச் செய்யச் சொல், தொட்டில் அளவுக்கு மெத்தையை வெட்டாதே.

எலிசபெத் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: பின் சீட்டை மடக்கினால் பெட்டி சின்ன காரிலேயே ஏறிவிடும், டெலிவரிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மெத்தை வாங்கப் போகும்போது மட்டும் கையில் ஒரு டேப் எடுத்துப் போங்கள். அப்புறம், பிள்ளை 35 அங்குலம் வளர்ந்துவிட்டாலோ, அதற்கு முன்பே காலைத் தூக்கிச் சட்டத்தின் மேல் போட ஆரம்பித்துவிட்டாலோ, க்ரிப்பாக அதன் காலம் முடிந்தது. எங்கள் ஆளின் கால் இப்போது முட்டிவரைதான் தூக்குகிறது. பக்கத்தைக் கழற்றும்போது எப்படி இருக்கிறது என்று அப்போது எழுதுகிறேன்.